கைத்திறனும் கல்வியே

நுழையும்முன்

கல்வி ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. கண் காண்பதையும் கை செய்வதையும் கருத்து உள்வாங்கும்போதே கற்றல் முழுமை பெறுகிறது. ஆயினும், தொழிற்கல்வி என்றவுடன் மதிப்பெண் குறைந்தோர்க்கு உரிய பிரிவு என்னும் எண்ணமே பலர் உள்ளத்தில் எழுகிறது. மேல்நிலைப் பள்ளியில் வழங்கப்படும் தொழிற்கல்வி, மாணவரின் கற்றல் அடைவை உயர்த்துமா? உயர்த்துமெனில், எத்தகைய சூழலில் உயர்த்தும்? நீலகிரி மாவட்டத்தை முன்னிறுத்தி இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

மலையும் மாணவரும்

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடத்தில் அமைந்தது நீலகிரி. 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடி மக்களும் படுகர் இன மக்களும் சமவெளியிலிருந்து வந்து குடியேறியோரும் இங்கு வாழ்கின்றனர். இவர்களோடு மற்றொரு பெருங்கூட்டமும் இம்மலையில் கலந்தது. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, 5,25,000 இந்திய வம்சாவளித் தமிழரை இலங்கையிலிருந்து ஏற்றுக்கொள்ள இந்தியா இசைந்தது. அவ்வாறு தாயகம் திரும்பியோர்க்கு வாழ்வளிக்க, 1968ஆம் ஆண்டில் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களை உருவாக்கத் தொடங்கியது. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் அம்முயற்சியின் விளைவே ஆகும்.

இவ்வரலாற்றின் சுவடு இன்றும் பல குடும்பங்களில் காணக்கிடைக்கிறது. பாட்டி இலங்கை மலையகத்தில் கொழுந்து பறித்தவர். தாய் கூடலூர், பந்தலூர்ப் பகுதித் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். பேத்தியோ மேல்நிலை முதலாம் ஆண்டில் அடியெடுத்து வைப்பவள். அப்பேத்தியிடம், "தொழிற்கல்விப் பிரிவில் சேர்ந்துகொள்" என்று பள்ளி கூறுமாயின், தாயின் உள்ளத்தில் அச்சம் எழுவது இயல்பு. இரு தலைமுறையாகத் தோளில் தொங்கிய கூடையை மகளின் தோளிலும் மாட்டிவிடுவார்களோ என்பதே அவ்வச்சம். அதை அறியாமை என்று ஒதுக்குதல் தகாது. தொழிற்கல்வியை ஆதரிப்போர் முதலில் விடை கூறவேண்டிய வினா அந்தத் தாயினுடையதே.

வினாவின் மறுபக்கமும் எண்ணத்தக்கது. 2021–22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் இந்திய அளவில் 28.4 ஆகவும் தமிழ்நாட்டில் 47 ஆகவும் இருந்தது. நாட்டிற்கே வழிகாட்டும் சாதனை இது. எனினும், கல்லூரி வாயிலை எட்டாத இளைஞரும் ஏறத்தாழப் பாதிப்பேர் இருக்கின்றனர் என்பதையும் இதே எண் உணர்த்துகிறது. மலையில் பிறந்தோருள் பலர் பள்ளிச் சான்றிதழ் ஒன்றை மட்டும் கையில் ஏந்திக் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்குகின்றனர். கடைகளிலும் ஆலைகளிலும் கிடைத்த வேலையில் அமர்கின்றனர். பன்னிரண்டு ஆண்டுக் கல்வி அவர்களுக்கு எந்தத் தொழிலையும் முறையாகக் கற்பிக்கவில்லை. ஆகவே, தொழிற்கல்வியை மறுப்பதனால் மட்டும் அவர்களது உழைப்பு உயர்ந்துவிடுவதில்லை.

தேர்ச்சி வேறு, அடைவு வேறு

மேல்நிலைத் தொழிற்கல்வி குறித்துப் பேசும்போது, தேர்ச்சி, அடைவு என்னும் இரு சொற்களையும் பிரித்தறிதல் வேண்டும். தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண்ணைப் பெறுவது தேர்ச்சி. கற்றதைப் புதிய சூழலில் பொருத்திப் பயன்படுத்தும் ஆற்றலைப் பெறுவது அடைவு. எளிய பாடம் ஒன்றைப் புகுத்தித் தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்திவிடலாம். அடைவை அவ்வாறு உயர்த்த இயலாது.

பள்ளிகள் சிலவற்றில் பத்தாம் வகுப்பு முடிவு வெளியானதும் நிகழும் பிரிவு ஒதுக்கீட்டை எண்ணிப் பார்க்கலாம். மதிப்பெண் மிக்கோர் அறிவியல் பிரிவுக்கும் அடுத்த நிலையினர் வணிகவியல், கலைப் பிரிவுகளுக்கும் எஞ்சியோர் தொழிற்கல்விப் பிரிவுக்கும் அனுப்பப்படுகின்றனர். மாணவரின் விருப்பம் என்ன, கைத்திறன் எத்தகையது, எதிர்காலத்தில் எத்துறையில் முன்னேற எண்ணுகிறார் என்று கேட்பார் அரிது. இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவதில் பேரார்வம் கொண்ட மாணவர் மதிப்பெண் மிகுந்த காரணத்தால் அப்பிரிவை இழக்கிறார். அதில் சற்றும் நாட்டமில்லாதவர் மதிப்பெண் குறைந்த காரணத்தால் அதில் அமர்த்தப்படுகிறார். இவ்விருவருக்கும் இழைக்கப்படுவது அநீதியே.

ஒரு பிரிவைத் தண்டனைபோல வழங்கிவிட்டு, அதில் பயில்வோர் சிறந்து விளங்கவில்லை என வருந்துவதில் பொருளில்லை. தொழிற்கல்வியின் தரம் தாழ்ந்தது என்னும் கருத்துக்குப் பாடத்தைவிட, மாணவரை அதற்கு அனுப்பும் முறையே பெருங்காரணம்.

வரலாறு தரும் பாடம்

இச்சிக்கல் இன்று தோன்றியதன்று. 1882ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ஹண்டர் கல்விக் குழு, உயர்நிலைப் பள்ளிகளில் பல்கலைக்கழகத்திற்குச் செல்வோர்க்கு ஒரு பிரிவும் வணிகம் முதலிய தொழில்களுக்குச் செல்வோர்க்கு மற்றொரு பிரிவும் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. ஆனால், அரசுப் பணியும் சமூக மதிப்பும் பல்கலைக்கழகப் படிப்பையே சார்ந்திருந்தமையால், இரண்டாம் பிரிவை நாடியோர் மிகச் சிலரே. பாதை ஒன்றை அமைத்தல் எளிது. அப்பாதையின் முடிவில் ஊர் ஒன்று இருந்தாலன்றி அதில் நடப்பார் இலர்.

தமிழ்நாட்டு மக்களின் நினைவில் ஆழப் பதிந்தது 1953ஆம் ஆண்டின் நிகழ்வு. அவ்வாண்டில் இராஜாஜி தலைமையிலான அரசு, தொடக்கக் கல்வியில் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பிறப்பால் அமைந்த தொழிலைப் பிள்ளைகள் மீதும் சுமத்தும் 'குலக்கல்வித் திட்டம்' இது எனப் பெரியார் முதலானோர் கடுமையாக எதிர்த்தனர். 1954ஆம் ஆண்டில் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. தமிழகத்தில் தொழிற்கல்வி என்னும் சொல்லை ஐயத்துடன் நோக்கும் மனநிலைக்கு இவ்வரலாறும் ஒரு காரணம். அந்த ஐயம் நியாயமானது. அது காட்டும் எல்லையும் தெளிவானது. தந்தை யார் என்று பார்த்துப் பிள்ளைக்குத் தொழிலை வகுப்பது கல்வியாகாது. மாணவர் தாமே தேர்ந்த துறையில் அறிவையும் திறனையும் ஒருங்கே பெறச் செய்வதே கல்வி.

இவ்வெல்லையை உணர்ந்து தொழிற்கல்விக்குப் புதுவடிவம் தர முனைந்தோருள் மால்கம் ஆதிசேசையா குறிப்பிடத்தக்கவர். 1964 முதல் 1966 வரை செயற்பட்ட கோத்தாரி கல்விக்குழு இடைநிலைக் கல்வியைத் தொழில்சார்ந்ததாக்க வேண்டும் என வலியுறுத்தியிருந்தது. 1978ஆம் ஆண்டில், மேல்நிலைக் கல்வியை ஆராயும் தேசிய மறுஆய்வுக் குழுவிற்கு ஆதிசேசையா தலைமையேற்றார். அக்குழு பொதுக்கல்வியையும் தொழில்சார் கல்வியையும் இரு நிறமாலைகளாகக் கண்டது. நிறமாலையில் ஒரு நிறம் மற்றொன்றோடு கலந்தே விளங்கும். இடையில் சுவர் இராது. அதே 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோது, பொதுக்கல்விப் பிரிவோடு தொழிற்கல்விப் பிரிவும் இடம்பெற்றது. வேளாண்மை, செவிலியம், மின்பொறியியல், இயந்திரவியல், கட்டடப் பொறியியல், நெசவியல், அலுவலக மேலாண்மை எனப் பல துறைகள் பள்ளிக்குள் நுழைந்தன.

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவருள் 1990க்குள் 10 விழுக்காட்டினரும் 1995க்குள் 25 விழுக்காட்டினரும் தொழிற்கல்வி பெறவேண்டும் என இலக்கு வகுத்தது. அவ்விலக்கு எட்டப்படவில்லை. எண்ணிக்கையை முன்னிறுத்தி மாணவரைத் திருப்பிவிட முடியும் என்னும் நம்பிக்கை பலிக்கவில்லை. படித்து முடித்தபின் எங்கே செல்வது என்னும் வினாவுக்குத் தெளிவான விடை கிடைக்காதவரை, எந்தப் பெற்றோரும் தம் பிள்ளையை அப்பாதையில் விடத் துணியார்.

தொழிற்கூடமே ஆய்வுக்கூடம்

தொழிற்கல்வி கற்றல் அடைவை எவ்வாறு உயர்த்தும் என்பதற்கு நீலகிரியில் சான்றுகள் பல உள. மலையெங்கும் பரந்துள்ள தேயிலைத் தொழிற்சாலையையே எடுத்துக்கொள்ளலாம். பறித்த கொழுந்தில் ஏறத்தாழ 77 விழுக்காடு நீர் உள்ளது எனக் கொள்வோம். 100 கிலோ கொழுந்தில் நீர் நீங்கலாக இருப்பது 23 கிலோ. உலர்த்தி முடித்த தேயிலையில் 3 விழுக்காடு ஈரம் எஞ்சும் எனில், அந்த 23 கிலோ என்பது முடிந்த தேயிலையின் 97 விழுக்காடு. எனவே, கிடைக்கும் தேயிலை ஏறத்தாழ 23.7 கிலோ. நான்கு கிலோவுக்கு மேற்பட்ட கொழுந்திலிருந்தே ஒரு கிலோ தேயிலை பெறப்படுகிறது என்பது இதனால் விளங்கும். விழுக்காட்டுக் கணக்கைக் கரும்பலகையில் கண்டு அஞ்சிய மாணவர், தம் தாய் பறித்த கொழுந்தின் எடையும் விலையும் அக்கணக்கில் அடங்கியிருப்பதைக் காணும்போது அதைத் தாமே செய்து பார்க்க விழைவார்.

வேதியியலும் அங்கேயே உள்ளது. வாட்டுதல், உருட்டுதல், நொதித்தல், உலர்த்துதல், தரம் பிரித்தல் என்பன தேயிலை உருவாகும் படிநிலைகள். தொழிற்சாலையில் 'நொதித்தல்' என வழங்கப்படும் செயல், உண்மையில் இலையிலுள்ள நொதிகள் துணைசெய்ய நிகழும் ஆக்சிஜனேற்றமே ஆகும். பச்சை இலை செம்பழுப்பு நிறம் பெறுவதும் தேநீரின் சுவையும் நிறமும் அமைவதும் அதனால்தான். எப்போது அதை நிறுத்தவேண்டும் என்பதைத் தேர்ந்த தொழிலாளி நிறத்தாலும் மணத்தாலும் அறிகிறார். அவரது அனுபவம் கூறுவதை வேதியியல் நூல் விளக்குகிறது. இரண்டையும் ஒருசேரக் கற்கும் மாணவருக்கு அறிவு இருமடங்காகிறது.

உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் குறைவு. ஆதலால் தண்ணீர் 100 பாகை செல்சியஸ் வெப்பநிலையை எட்டுமுன்னரே, ஏறத்தாழ 92 அல்லது 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேகக் கூடுதல் நேரம் ஆவது ஏன் என்பதை உணவு மேலாண்மை பயிலும் மாணவர் அடுப்படியிலேயே அறிந்துகொள்கிறார். 1932ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம், நீரின் நிலையாற்றல் மின்னாற்றலாக மாறுவதை மின்பொறியியல் மாணவர்க்குக் கண்முன் காட்டுகிறது. 2009ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையில் இம்மாவட்டத்தில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவில் எழுப்பும் தடுப்புச் சுவரில் நீர் வெளியேறத் துளைகள் விடவேண்டியது ஏன் என்னும் பாடம், இம்மலையின் கட்டடப் பொறியியல் மாணவர்க்குத் தேர்வு வினா மட்டுமன்று; உயிர்காக்கும் அறிவு.

பழங்குடி மக்களின் கைத்திறனும் இவ்வாறே நோக்கத்தக்கது. 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூத்தையல், துணியின் மீது வரைபடம் ஏதும் வரையாமல் இழைகளை எண்ணியே செய்யப்படுகிறது. சமச்சீர், வடிவமைப்பு, எண் வரிசை ஆகிய கணிதக் கூறுகள் அதில் பொதிந்துள்ளன. இரும்பு, மரம், மண் ஆகியவற்றில் கைவண்ணம் காட்டிய கோத்தர்கள், மலைவாழ் மக்கள் அனைவருக்கும் கருவிகள் செய்தளித்தனர். எழுத்தறிவுக்கு முன்பே இம்மலையில் தொழிலறிவு தழைத்திருந்தது. பள்ளி அதை மதித்து உள்ளழைக்கும்போது, பாடநூல் தமக்கு அயலானது என்னும் எண்ணம் பழங்குடி மாணவரிடமிருந்து அகலும்.

செவிலியத் துறையும் இதற்குச் சான்று பகர்கிறது. கூடலூரில் பழங்குடி மக்களின் நலத்திற்கெனப் பணியாற்றும் அசுவினி மருத்துவ அமைப்பு, பழங்குடிப் பெண்களையே நலப் பணியாளர்களாகவும் செவிலியர்களாகவும் பயிற்றுவித்தது. நோயாளியின் மொழியைப் பேசுபவரே மருந்தின் அளவையும் விளக்கும்போது நம்பிக்கை பிறக்கிறது. மருத்துவமனையை அஞ்சி விலகியிருந்த சமூகத்தின் மகளிர், அதே மருத்துவமனையில் பணிபுரிவோராக உயர்ந்தமை கல்வியின் வெற்றியாகும்.

தெரிந்து தெளிவோம்

நீலகிரி மலை இரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899ஆம் ஆண்டிலும், உதகமண்டலம் வரை 1908ஆம் ஆண்டிலும் ஓடத் தொடங்கியது. கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள செங்குத்தான பகுதியில், இருப்புப்பாதையின் நடுவே அமைந்த பற்சட்டத்தை இயந்திரத்தின் பற்சக்கரம் பற்றி ஏறுகிறது. 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பிற நாடுகளின் பட்டறிவு

தொழிற்கல்வியால் உயர்ந்த நாடாக ஜெர்மனி எடுத்துக்காட்டப்படுகிறது. அங்குப் பயிற்சி பெறும் இளைஞர், வாரத்தின் பெரும்பகுதியைத் தொழிலகத்திலும் ஓரிரு நாள்களைத் தொழிற்பள்ளியிலும் செலவிடுகின்றனர். 1969ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டம் இம்முறைக்கு உறுதியான அடித்தளம் இட்டது. பயிற்சியின் முடிவில் நடைபெறும் தேர்வைத் தொழில் வணிகக் கழகங்கள் நடத்துகின்றன. ஆதலால், அச்சான்றிதழை நாடெங்கும் உள்ள தொழிலகங்கள் ஏற்கின்றன. தலைமைக் கைவினைஞர் என்னும் தகுதியை அடைந்தவர் பல்கலைக்கழகத்திலும் சேரலாம். பணிமனைக்குள் நுழைந்தவருக்குப் பல்கலைக்கழகத்தின் கதவும் அடைபடவில்லை என்பதே அம்முறையின் வலிமை.

இதற்கு மாறான எச்சரிக்கை இங்கிலாந்திலிருந்து கிடைக்கிறது. அந்நாட்டில் 16 வயதில் எழுதும் தேர்வின் முடிவுகளைக் கொண்டு பள்ளிகள் தரவரிசைப்படுத்தப்படுகின்றன. தொழிற்சான்றிதழ் சிலவற்றைப் பொதுப்பாடங்கள் பலவற்றுக்கு நிகராகக் கணக்கிடும் வழக்கம் அங்கு இருந்தது. தம் தரவரிசையை உயர்த்த எண்ணிய பள்ளிகள் மாணவரை அச்சான்றிதழ்களின்பால் திருப்பின. பள்ளிகளின் தரவரிசை உயர்ந்தது, மாணவர் உயரவில்லை. 2011ஆம் ஆண்டில் பேராசிரியர் அலிசன் உல்ஃப் அரசுக்கு அளித்த அறிக்கை இதனை வெளிக்கொணர்ந்தது. 16 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் குறைந்தது 3,50,000 பேர் தாம் பெறும் கல்வியால் சிறிதளவே பயனடைகின்றனர் அல்லது பயனே அடையவில்லை என அவ்வறிக்கை சுட்டியது. மொழியிலும் கணிதத்திலும் பின்தங்கியோர் அவற்றைத் தொடர்ந்து கற்கவேண்டும் எனவும் அது வலியுறுத்தியது. தரவரிசைக்குக் கணக்கிடப்படும் தொழிற்சான்றிதழ்களை மூவாயிரத்துக்கும் மேலான எண்ணிக்கையிலிருந்து 125ஆகக் குறைப்பதாக 2012இல் அந்நாட்டு அரசு அறிவித்தது.

ஒரு நாட்டில் தொழிற்கல்வி மாணவருக்கு வாழ்வளித்தது. மற்றொரு நாட்டில் பள்ளிகளின் கணக்கை அழகுபடுத்தியது. பெயர் ஒன்றாயினும் நோக்கம் வேறுபட்டமையால் பயனும் வேறுபட்டது.

ஒற்றைத் திறன் போதாது

எத்தகைய திறனைக் கற்பிப்பது என்னும் வினாவுக்கும் நீலகிரியே விடை தருகிறது. உதகமண்டலத்தில் 1960ஆம் ஆண்டில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் நிறுவப்பட்டது. ஒளிப்படச் சுருளும் ஊடுகதிர்ப் படச்சுருளும் அங்கு உருவாயின. இருளறையில் பணிபுரியும் நுண்திறன் வாய்ந்த தொழிலாளர் பலர் அங்கு உருவாகினர். பின்னர் எண்ணிம ஒளிப்படக்கருவி பரவியபோது படச்சுருளின் தேவை அற்றுப்போயிற்று, ஆலையும் மூடப்பட்டது. அங்கு உழைத்தோரின் திறமையில் குறையில்லை. அவர்களது திறன் சார்ந்திருந்த பொருளே சந்தையிலிருந்து மறைந்தது.

அதே மலையில் நூறாண்டு கடந்தும் ஓடுகிறது மலை இரயில். அதற்கான நீராவி இயந்திரங்கள் பல சுவிட்சர்லாந்திலிருந்து தருவிக்கப்பட்டன. பழைய இயந்திரங்கள் தேய்ந்தபோது, திருச்சிராப்பள்ளி பொன்மலை இரயில்வே பணிமனையில் புதிய நீராவி இயந்திரங்கள் உருவாக்கப்பட்டன. உலகெங்கும் வழக்கொழிந்த இயந்திரத்தைப் புதிதாகச் செய்ய அங்குள்ளோரால் முடிந்தது எங்ஙனம்? உலோகத்தின் இயல்பு, வெப்பத்தின் போக்கு, அளவின் நுட்பம், வரைபடத்தைப் படிக்கும் ஆற்றல் ஆகிய அடிப்படைகளில் அவர்கள் தேர்ச்சி பெற்றிருந்தனர். அடிப்படை உறுதியாக இருந்தால், இயந்திரம் பழையதாயினும் புதியதாயினும் கைக்கு வசப்படும்.

ஒரு கருவியை இயக்க மட்டும் கற்பிப்பது பயிற்சி. அக்கருவி ஏன் இயங்குகிறது என்பதையும் உடன் கற்பிப்பது கல்வி. பதினாறு வயது மாணவர் இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கவேண்டியவர். அக்காலத்தில் அவர் கற்ற கருவிகள் பலமுறை மாறிவிடும். மாறாமல் அவருக்குத் துணைநிற்பவை மொழியும் கணிதமும் அறிவியலுமே. எனவே, தொழிற்கல்வி என்னும் பெயரில் இவற்றைக் குறைப்பது மாணவரின் எதிர்காலத்தைக் குறைப்பதாகும்.

செய்யத்தக்கன

மேற்கண்டவற்றால் தொழிற்கல்வி பயன்தர வேண்டுமாயின் செய்யவேண்டியவை தெளிவாகின்றன.

முதலாவது, பிரிவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவருக்கே இருத்தல் வேண்டும். மதிப்பெண் மிகுந்தவரும் விரும்பினால் தொழிற்கல்வியில் சேரலாம் என்னும் நிலை ஏற்படவேண்டும். பத்தாம் வகுப்பு முடியுமுன்னரே, ஒவ்வொரு பிரிவும் எந்தெந்தக் கதவுகளைத் திறக்கும், எவற்றை அடைக்கும் என்பதை மாணவரிடமும் பெற்றோரிடமும் ஒளிவுமறைவின்றிக் கூறுதல் வேண்டும். மருத்துவப் படிப்பை நாடுவோர்க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவை இன்றியமையாதவை என்பதைப் பிரிவில் சேர்ந்தபின் அறிவதனால் பயனில்லை.

இரண்டாவது, மேற்படிப்புக்கான வழி அகலமாக இருத்தல் வேண்டும். தொழிற்கல்வி பயின்றோர் பல்தொழில்நுட்பக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும், பொறியியல் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடு பெறவும் தமிழ்நாட்டில் வழி உள்ளது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 முதலும், மாணவர்க்கு அதுபோன்ற உதவி வழங்கும் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 முதலும் நடைமுறையில் உள்ளன. பட்டயப் படிப்பையும் தொழிற்பயிற்சி நிலையப் படிப்பையும் பயில்வோர்க்கும் இவ்வுதவி கிடைக்கும். இவ்வாய்ப்புகள் மலையிலுள்ள கடைக்கோடித் தோட்டத்து மாணவருக்கும் சென்றுசேர்தல் வேண்டும்.

மூன்றாவது, தொழிலகங்கள் பள்ளியோடு கைகோத்தல் வேண்டும். கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள், தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், 1963 முதல் இயங்கும் குன்னூர்த் தேயிலை ஏல மையம், உதகை அரசு தாவரவியல் பூங்கா, அரசு மருத்துவமனைகள், குன்னூரிலும் கூடலூரிலும் உள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் ஆகியன மாணவர்க்குப் பயிற்சிக் களங்களாக விளங்க முடியும். தேயிலைத் துறையைக் கற்கும் மாணவி கொழுந்து பறிப்பதோடு நின்றுவிடலாகாது. மண்ணாய்வு, இயந்திரப் பராமரிப்பு, தரக் கட்டுப்பாடு, தேநீர்ச் சுவை ஆய்வு, ஏலக் கணக்கு, ஏற்றுமதி என அத்துறையின் உச்சிவரை அவள் ஏறிக் காணுதல் வேண்டும். தாயின் அச்சத்திற்குத் தக்க விடை இதுவே.

நான்காவது, பயிற்சி என்னும் பெயரில் மாணவரின் உழைப்பைச் சுரண்ட இடங்கொடுத்தல் கூடாது. மாணவர் தொழிலகம் செல்வது கற்பதற்கே. ஆசிரியரின் மேற்பார்வையும் பாதுகாப்புக் கருவிகளும் வரையறுத்த நேரமும் கட்டாயமாதல் வேண்டும்.

ஐந்தாவது, ஆசிரியர் இன்றித் தொழிற்கல்வி இல்லை. தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வுபெறும்போது அப்பணியிடம் நிரப்பப்படாவிடில், கருவிகள் துருவேறுகின்றன; ஈராண்டில் பிரிவே மறைகிறது. தகுதிவாய்ந்த ஆசிரியரும் இயங்கும் பணிமனையும் இல்லாத பள்ளியில் தொழிற்கல்வி என்பது பலகையில் எழுதிய பெயரே ஆகும்.

நிறைவாக

தொழிற்கல்வி மாணவரின் அடைவை உயர்த்துமா என்னும் வினாவுக்கு, அது மாணவரை எங்கே கொண்டு சேர்க்கிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும். பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டோடு நின்றுவிடுமாயின், அது வெறும் கணக்கு. பிறந்த குடியின் தொழிலுக்கே திருப்பி அனுப்புமாயின், அது தளை. அறிவியலின் பொருளைக் கையால் உணரச்செய்து, விரும்பிய தொழிலுக்கோ மேற்படிப்புக்கோ செல்லும் துணிவைத் தருமாயின், அதுவே கல்வி.

நீலகிரியின் மலைப்பாதைகள் வளைந்து வளைந்தே மேலேறுகின்றன. நேர்வழியன்று என்பதனால் அவற்றை யாரும் தாழ்வாக எண்ணுவதில்லை. உச்சிக்குச் சேர்க்கின்றனவா என்பதையே பார்க்கின்றனர். தொழிற்கல்வியையும் அவ்வாறே அளத்தல் வேண்டும். தோட்டத் தொழிலாளியின் மகள் தொழிற்சாலையின் தர ஆய்வாளராகவோ, பொறியாளராகவோ, செவிலியராகவோ, அவள் விரும்பினால் பேராசிரியராகவோ உயரும் வழி திறந்திருக்கும் நாளில், தொழிற்கல்வியின் சிறப்பை எவரும் எடுத்துரைக்க வேண்டியிராது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள தொழிலகம் ஒன்றைப் பார்வையிட்டு, அங்கு நிகழும் செயல்களில் நீங்கள் பள்ளியில் கற்ற அறிவியல், கணிதக் கருத்துகள் எவ்வாறு பயன்படுகின்றன எனத் தொகுத்து எழுதுக.

2. 'தேர்ச்சி வேறு, அடைவு வேறு' என்னும் கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. தொழிலில் தேர்ந்த ஒருவரை நேர்காணல் செய்து, அவர் தம் திறனைக் கற்ற முறையைக் கட்டுரையாக்குக.